மேல்சரிவின் அவசரக்காரிகள்

காபியைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, சூடு அதிகம்தான். அம்மான் நகரத்தில் நீங்களெல்லாம் காகிதக் கோப்பையில், நுரை ததும்பத் ததும்ப, நடந்துகொண்டே குடிக்கிறவர்கள். பிடியில்லாத இந்தச் சின்னக் கிண்ணம் விரலைச் சுடும் என்பது மறந்துபோயிருக்கும்.

ஆனால் ஸலாமா, கிண்ணத்தைக் கீழே வைத்த கையோடு ஒரு கேள்வியும் கேட்டுவிட்டீர்கள். "உஸ்தாத், மேல்சரிவுல உண்மையிலேயே என்னதான் ஆச்சு?" என்றீர்கள். எங்கள் அஜ்லூன் மலையில் விருந்தாளி காபியைத் தொடாமல் கீழே வைத்துவிட்டு ஒன்றைக் கேட்டால், வீட்டுக்காரன் "குடியுங்கள், கேட்டது உங்களுக்கு உண்டு" என்று சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் கொடுக்கவேண்டும். பெண் கேட்பதும் இப்படித்தான், கொலைப்பகை தீர்ப்பதும் இப்படித்தான். நீங்கள் அப்படி நினைத்து வைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பல்கலைக்கழகம் எனக்குப் பணிநிறைவு விழா எடுக்கிறது, அதற்கு மலர் போடுகிறது, அதில் என்னைப் பற்றி நாலு இனிப்பான வார்த்தை வேண்டும், அவ்வளவுக்குத்தான் வந்தீர்கள். இருந்தாலும் வைத்த கிண்ணம் வைத்ததுதான். நான் முறை தவறாதவன்.

குடியுங்கள். கேட்டது உங்களுக்கு உண்டு. அந்தப் பதிவுக்கருவியை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துங்கள். என் குரல் மெல்லியது.

ஜன்னல் வழியாகத் தெரிகிறதே, அதுதான் சரிவு. வேலிக் கதவில் ஒரு பலகை இருக்கும், வரும்போது படித்திருப்பீர்கள். "ஒரே சரிவு, ஒரே பார்லி" என்று எழுதி, கீழே என் பெயர், முனீஃப் என்று. நான் இளைஞனாக இருந்தபோது எழுதிய புத்தகத்திலிருந்து எடுத்த வரி அது. உலகத்தில் மனிதன் விதைக்கத் தொடங்குவதற்கு முன்பிருந்தே இந்த மலையில் காட்டு பார்லி தானாக முளைத்து, தானாக உதிர்ந்து, மறுபடி முளைத்துக்கொண்டிருக்கிறது. அதெல்லாம் ஒரே குணம், ஒரே சமயத்தில் கதிர்விட்டு ஒரே சமயத்தில் உதிரும் என்று நான் எழுதினேன். பள்ளிப் பாடத்தில் சேர்த்தார்கள். என் மகன்களே அதை மனப்பாடம் செய்துதான் பாஸானார்கள்.

பிறகு ஹதீல் வந்தாள். கஃப்ரஞ்சாவில் மினிபஸ் ஓட்டும் அபூ ஸுஹைபின் மகள். என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். நல்ல பெண். சிரித்தால் அறை முழுக்கக் கேட்கும். மற்ற மாணவர்கள் நிழலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது இவள் சரிவில் குந்தி உட்கார்ந்து புல்லோடு பேசிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"உஸ்தாத், மேல இருக்கறதுங்க வேற! கீழ இருக்கறதுங்க வேற!"

"எல்லாம் பார்லிதானம்மா," என்றேன்.

"பார்லிதான், ஆனா மேல இருக்கறதுங்க சரியான அவசரக்காரிங்க. கீழ உள்ளதுங்க இன்னும் இலைய விரிச்சிட்டுத் தூங்கிட்டிருக்கு, இதுங்க கதிரையே விட்டாச்சு. வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மேல்சரிவில் மண் ஒரு விரற்கடைதான், அதற்கடியில் பாறை. வெயில் நேராக விழும் பக்கம். மழை நின்ற மறுவாரமே காய்ந்துவிடும். அங்கே நிதானமாகப் பூக்கிற செடி விதை வைப்பதற்குள் செத்துப்போகும். ஆகவே எத்தனையோ தலைமுறையாக அவசரப்பட்டவை மட்டுமே அங்கே பிள்ளை பெற்றிருக்கின்றன. கீழே ஓடை ஓரம், ஆழ மண், ஈரம். அங்கே அவசரக்காரி முளைத்தால் பக்கத்துச் செடி அவளுக்கு மேலே வளர்ந்து நிழல் போட்டே கொன்றுவிடும். ஒரு கல்லெறி தூரத்துக்குள் இரண்டு குலம்.

"இடத்தோட கோளாறா இருக்கும்," என்றேன். "கீழ உள்ளத மேல நட்டா அதுவும் அவசரப்படும்."

அவள் வாதாடவில்லை. எங்கள் ஆய்வு நிலையத்தின் மொட்டை மாடியில் தொட்டிகள் வைத்தாள். ஒரே மண், ஒரே தண்ணீர். மேல்சரிவு விதையைச் சிலவற்றில், கீழ்ச்சரிவு விதையைச் சிலவற்றில். அங்கேயும் அவசரக்காரிகள் முதலில் கதிர்விட்டார்கள். "ரத்தத்துலயே இருக்கு உஸ்தாத்," என்றாள். நான் அவள் தலையில் கைவைத்து வாழ்த்தினேன். மனமார வாழ்த்தினேன் என்றுதான் நினைக்கிறேன்.

நிலையத்தில் எல்லோர் முன்னிலையிலும் அவள் இதைச் சொன்ன அன்று கைதட்டல் நிற்கவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் அவள் என்னைப் பார்த்து, "உஸ்தாத், கவலப்படாதீங்க. அந்தப் பலகைய ரெண்டா அறுத்து மேல ஒண்ணு, கீழ ஒண்ணு நட்டுடலாம்!" என்றாள். கூடம் குலுங்கச் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். தோட்டக்காரர் கூடச் சிரித்தார், அவருக்கு என்ன புரிந்ததோ.

எனக்கு வலித்தது ஸலாமா. அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது. அவள் என்னைக் கேலி செய்யவில்லை, பாசத்தில் சொன்னாள். அதனால்தான் இன்னும் வலித்தது. ஆனால் நான் கோபப்படுகிறவன் அல்லன். கோபத்தில் செய்கிற காரியம் ஒன்றும் ஒழுங்காக வராது. யோசித்துப் பார்த்தேன். புத்தகத்துக்கும் சரிவுக்கும் ஒத்துவரவில்லை. இரண்டில் ஒன்று திருந்தவேண்டும். புத்தகம் அச்சாகிவிட்டது.

அந்த வசந்தத்திலிருந்து காலைநடை போகத் தொடங்கினேன். காட்டு பார்லியைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வயலில் விளைகிற பார்லி முற்றினாலும் கதிரிலேயே நின்று நமக்காகக் காத்திருக்கும். காட்டு பார்லி காத்திராது. முற்றியதும் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்து, அம்பு மாதிரி மண்ணில் தன்னைத் தானே குத்திக்கொள்ளும். ஆகவே வேண்டுமென்றால் பச்சையாக இருக்கும்போதே கிள்ளவேண்டும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் போதும், நெட்டி முறிக்கிற சத்தம் கூட வராது. அவசரக்காரிகளைத் தேடுவதும் சிரமமில்லை. மற்றவை தூங்கும்போது அவர்கள் மட்டும்தானே தலைநிமிர்ந்து நிற்கிறார்கள்.

செடியை நான் பிடுங்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கதிரை மட்டும் எடுத்தேன்.

என் மனைவி இத்தாஃபுக்கு ஒரே சந்தோஷம். எத்தனை வருடமாக மருத்துவர் நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த வயசுல மலையேறி யாரப் பாக்கப் போறீங்க?" என்பாள்.

"மேல நெறைய பேர் காத்திட்டிருக்காங்க."

"காத்திட்டிருப்பாங்க, காத்திட்டிருப்பாங்க. வரும்போது சமையலுக்குத் தைம் இலை கொஞ்சம் பறிச்சிட்டு வாங்க, அவங்க கிட்ட கேட்டு."

தைமும் பறித்துவந்தேன். வீட்டுக்கு ஒரு நாளும் வெறுங்கையோடு திரும்பியதில்லை.

அடுத்த வசந்தமும் போனேன், அதற்கடுத்ததும். ஹதீல் கீழே ஓடையோரம் வேலையாக இருப்பாள். நான் மேலே கதிர் கிள்ளுவதைப் பார்த்து ஒருமுறை கேட்டாள்.

"என்ன உஸ்தாத் பண்றீங்க?"

"விதை சேக்கறேன்மா. நாளைக்கு எதாவது ஆயிட்டா கையில இருக்கணும்ல."

"அல்லாஹ் உங்களுக்கு ஆயுச நீட்டிக்கட்டும்," என்றாள். நீட்டித்தும் கொடுத்திருக்கிறான், பாருங்கள்.

மேல்சரிவு வெறுமையாகிவிடுமே என்று எனக்குக் கவலை. மொட்டை நிலத்தைப் பார்க்க மனம் ஒப்பாது. ஆகவே ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் கீழ்ச்சரிவு விதையைக் கொண்டுபோய் மேலே தூவினேன். அந்த வருடங்களில் மழைக்கும் குறையில்லை. மேல்சரிவு முழுக்கப் பச்சை. எல்லாம் கீழ்ச்சரிவின் நிதானமான, அடக்கமான பிள்ளைகள். தூரத்திலிருந்து பார்த்தால் முன்பைவிட அழகு.

ஹதீலின் ஆய்வை உறுதிசெய்ய வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. சரிவைப் பார்த்தார்கள். மேலும் கீழும் ஒரே உயரம், ஒரே பருவம். சரி, அவள் முதலில் சேர்த்த விதையை முளைக்கவைத்துப் பார்ப்போம் என்றார்கள். அது நிலையத்தின் குளிர்பெட்டியில், அவள் தைத்த துணிப்பைகளில் இருந்தது. பைகளின்மேல் அவளே எழுதியிருந்தாள். அழகான கையெழுத்து. அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இருந்ததை மட்டும் முன்கூட்டியே மாற்றிவைத்திருந்தேன்.

மொட்டை மாடியில் தொட்டிகள் வைத்தார்கள். எல்லாத் தொட்டியிலும் ஒன்றுசேர்ந்தாற்போல் கதிர் வந்தது. அப்படி ஓர் ஒழுங்கை நான் ராணுவ அணிவகுப்பில் கூடப் பார்த்ததில்லை. குழுத் தலைவர் ஹதீலைப் பார்த்து, "இதுல அவசரக்காரி எதும்மா, காட்டு பாப்போம்," என்றார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஒவ்வொரு தொட்டியாகத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில், "இது என் விதை இல்ல," என்றாள்.

"பை யாரோடது?"

"என்னோடதுதான்."

"எழுத்து?"

"என்னோடதுதான். ஆனா இது என் விதை இல்ல."

நான் குறுக்கே புகுந்து அவளுக்காகப் பேசினேன். "சின்னப் பொண்ணு. ஆசப்பட்டத கண்ணு பாத்திருச்சு. நாமளும் அந்த வயசத் தாண்டித்தான வந்தோம். இந்த ஒரு தடவ மன்னிச்சு விட்டுடுங்க," என்றேன். மன்னிக்கச் சொன்னதால்தான் குற்றமே உறுதியாயிற்று என்று பிற்பாடு ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டம் நின்றுபோனது. இர்பித் நகரில் ஒரு செடிக் கடையில் வேலைக்குப் போனாள். ஜெரேனியம் பூந்தொட்டி விற்றாள். பெருநாளைக்கு நான் இனிப்புப் பெட்டி அனுப்புவேன், அவள் தொலைபேசியில் கூப்பிட்டு நன்றி சொல்வாள். முன்பு போல உரக்கச் சிரிப்பதில்லை. அவளுக்கு நிச்சயமான வரனும் தட்டிப்போனது. பொய்க்காரி என்று பெயரெடுத்த பெண்ணை யார் எடுப்பார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். மனிதர்கள் இரக்கமில்லாதவர்கள்.

பிறகு அந்த வறட்சி வந்தது. குளிர்காலம் முடிவதற்குள் மழை நின்றது. பாலைவனத்திலிருந்து அனல்காற்று முன்கூட்டியே புறப்பட்டு வந்தது. மேல்சரிவில் நிதானப் பிள்ளைகள் இலையோடு நின்று, இலையோடு கருகின. ஒரு கதிர் இல்லை. பழைய அவசரக்காரிகள் இருந்திருந்தால் அதற்குள் விதையைக் கொட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். அடுத்த வருடம் மேல்சரிவில் பாறையும் முள்ளும்தான். ஆடு மேய்ப்பவர்கள்மேல் பழி போனது. இந்த ஊரில் எது நடந்தாலும் ஆடுதானே முதல் குற்றவாளி. வேலியை உயர்த்தினோம்.

அப்போதுதான் அபூ ஸுஹைப் என் வீட்டுக்கு வந்தார். குலத்துப் பெரியவர்கள் இருவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு, தேய்த்த மேலங்கி போட்டுக்கொண்டு வந்தார். நான் காபி ஊற்றிக் கொடுத்தேன். அவர் கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். அவர் தெரிந்துதான் வைத்தார், உங்களைப் போல் சூடு தாங்காமல் அல்ல.

"உஸ்தாத், நான் பஸ் ஓட்றவன், எனக்கு உங்க படிப்புத் தெரியாது. மேல்சரிவு விதை ஒரு பிடி எங்கயாச்சும் இருந்தா எம் பொண்ணுக்குக் குடுங்க. அவ பொய்க்காரி இல்லன்னு அது முளைச்சு வந்து சொல்லட்டும்."

ஹதீல் என்னைப் பார்த்தபடியே தன் அப்பாவிடம், "உஸ்தாத் கிட்ட கண்டிப்பா இருக்கும் பாபா," என்றாள். "வருஷா வருஷம் கிள்ளிச் சேத்து வெச்சாரு. நானே பாத்திருக்கேன். நாளைக்கு எதாவது ஆயிட்டா வேணும்னு அப்பவே சொன்னாரு."

அவள் நம்பினாள் ஸலாமா. அத்தனை பேரில் என்னைத்தான் நம்பினாள்.

"குடிங்க," என்றேன். "கேட்டது உங்களுக்கு உண்டு. நாளைக்கு வந்து வாங்கிக்குங்க."

குடித்தார்கள்.

விதை என்னிடம் இருந்தது. பச்சையாகக் கிள்ளியவை அல்ல, அவை எப்போதோ சுருங்கிப் பதராகிவிட்டன. ஹதீலின் பைகளிலிருந்து எடுத்த முற்றிய விதை. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்திருந்தேன். ஏன் எறியவில்லை என்று கேட்பீர்கள். தானியத்தை எறியக்கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். இப்போது காபியின்மேல் வாக்குக் கொடுத்தாகிவிட்டது, டப்பாவைக் கொடுத்தே ஆகவேண்டும். வாக்கு மீறினால் இந்த மலையில் தலைகாட்ட முடியாது. விதை முளைத்தாலும் தலைகாட்ட முடியாது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் யோசித்தேன். காபிக்கொட்டை வறுக்கிற நீளக் கைப்பிடிச் சட்டி அடுப்பருகே தொங்கிக்கொண்டிருந்தது.

மெல்லிய தீ. நிறம் மாறக்கூடாது, வாசம் எழும்பக்கூடாது, கை பொறுக்கிற சூடு போதாது, அதற்குக் கொஞ்சம் மேலே. காபி வறுத்துப் பழகிய கைக்கு அது தெரியும். இத்தாஃப் எட்டிப் பார்த்து, "இப்பதான காபி குடிச்சீங்க, மறுபடியும் வறுக்கறீங்களா?" என்றாள்.

"விருந்தாளிங்க வராங்கல்ல நாளைக்கு," என்றேன்.

மறுநாள் டப்பாவைக் கொடுத்தபோது ஹதீல் அழுதேவிட்டாள். என் தோளில் முத்தமிட்டாள். அபூ ஸுஹைப் அவளைக் காட்டிலும் அழுதார். மேல்சரிவு விதை வேண்டுமென்று கேட்டார், அதைக் கொடுத்தேன். உயிரோடு வேண்டுமென்று அவர் சொல்லவில்லை.

"வீட்ல ஒண்ணும் மிச்சம் வெக்காத," என்று அவளுக்கு அறிவுரை சொன்னேன். "எலி தின்னுடும். எல்லாத்தையும் அதோட எடத்துலயே போடு." போட்டாள். செடிக் கடை வேலையை விட்டுவிட்டு வந்து, மழை தொடங்கியதும் முழங்காலில் நடந்து ஒவ்வொன்றாக ஊன்றினாள். வாரங்கள் போயின. ஒன்றும் முளைக்கவில்லை. என்னிடம் வந்து நின்றாள்.

"ஏன் உஸ்தாத் வரல?"

"காட்டு விதைக்குத் தூக்கம் உண்டும்மா. எல்லாம் ஒரே வருஷம் எழுந்துட்டா ஒரே வறட்சியில போயிடும்ல. சிலது எழும், சிலது தூங்கும். நீதான எழுதின. பொறுமையா இரு."

அன்றிலிருந்து தினமும் போகிறாள். அதோ பாருங்கள், சிவப்பு முக்காடு தெரிகிறதா? கூட இருப்பது அபூ ஸுஹைப். இன்று வெள்ளிக்கிழமை, பஸ்ஸுக்கு ஓய்வு, தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு அவரும் வந்திருக்கிறார். இத்தாஃப் கையில் அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்புவேன். வெயிலில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது.

இதைத்தான் கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போடமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அட்டைப் படம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றீர்களே.

என்ன, ஜன்னலையே பார்க்கிறீர்கள்? ஓ, கையசைக்கிறாளா. என்னைத்தான். கத்துகிறாள் போலிருக்கிறது, ஜன்னலைத் திறங்கள்.

"உஸ்தா...த்! பாறை இடுக்குல! கதிர் விட்டுருக்கு! அவசரக்காரி!"

பாறை இடுக்கிலா. அங்கே அவள் ஊன்றியிருக்கமாட்டாள், கையே நுழையாது. என் விரலும் நுழைந்ததில்லை. எந்தக் காலத்திலோ தானாக உதிர்ந்து இத்தனை வருடம் தூங்கியது ஒன்று எழுந்திருக்கிறது. தூக்கம் என்று அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன், அதை இந்தச் செடி நிஜமென்று எடுத்துக்கொண்டுவிட்டது. இவ்வளவு நாளில் இந்தச் சரிவு எனக்குக் காட்டிய மரியாதை இதுதான்.

அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கிறதா? பழைய ஹதீல். கேட்டு எத்தனை நாளாயிற்று. என் கண்ணே கலங்குகிறது, பாருங்கள்.

என் கைத்தடியை எடுங்கள், கதவோரம் இருக்கிறது. இல்லை, நீங்கள் வரவேண்டாம், காபியைக் குடியுங்கள், ஆறிப்போயிருக்கும். ஒரே ஒரு செடி, முதல் கதிர், சந்தோஷத்தில் அவர்கள் ஏடாகூடமாக எதையாவது செய்துவிடுவார்கள். பத்திரமாக எடுத்துவைக்க விஷயம் தெரிந்த ஒருவன் பக்கத்தில் இருக்கவேண்டும். நான் ஒரு நடை போய்விட்டு வந்துவிடுகிறேன். கவலைப்படாதீர்கள் ஸலாமா, என் கை பட்டு இதுவரை ஒரு கதிர்கூட வீணானதில்லை.